இருபது டாலர் நோட்டும் இளஞ்சிவப்புப் பேருந்தும்

பெர்முடா என்றதும் பாதிப் பேருக்கு அந்த முக்கோணம்தான் ஞாபகத்துக்கு வரும். கப்பல் காணாமல் போனது, விமானம் காணாமல் போனது என்று பள்ளிக்கூட நாட்களில் வாய் பிளந்து கேட்ட கதைகள். உண்மையில் அந்தத் தீவில் இறங்குகிறவர்களுக்குக் காணாமல் போகிற பொருள் ஒன்றே ஒன்றுதான். சில்லறை! :)

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சொகுசுக் கப்பலில் ஆயிரக்கணக்கில் செலவழித்து வந்து இறங்கும் ஒரு மனிதர், கையில் கடன் அட்டை, பர்ஸில் இருபது டாலர் நோட்டுகள் என்று எல்லாம் வைத்துக்கொண்டு, ஒரு டவுன் பஸ்ஸில் ஏற முடியாமல் நிற்கும் காட்சி பல வருடங்களாக அங்கே நடந்துவந்திருக்கிறது. பணம் என்றால் என்ன என்று வணிகவியல் புத்தகத்தில் முதல் பாடத்திலேயே எழுதியிருக்கும்: எல்லோராலும் ஏற்றுக்கொள்ளப்படுவது. அந்த "எல்லோரும்" என்ற வார்த்தையில் ஒரு பேருந்து ஓட்டுநர் சேர்த்தியா இல்லையா என்பதில்தான் இந்தக் கட்டுரையே இருக்கிறது.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். பெர்முடா அட்லாண்டிக் கடலின் நடுவில் இருக்கிறது. பிரிட்டனின் ஆளுகைக்கு உட்பட்ட கடல்கடந்த பிரதேசம். பக்கத்துக் கரை என்று பார்த்தால் அமெரிக்காவின் வட கரோலினா, அதுவே ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி. பரப்பு சுமார் 53 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறத்தாழ 64,000 பேர். இந்தச் சின்ன ஊருக்கு 2019ஆம் ஆண்டில் மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலில் வந்து போனார்கள். நியூயார்க், பாஸ்டன் பக்கமிருந்து வரும் பெரிய கப்பல்கள் தலைநகர் ஹாமில்டனுக்குள் நுழைவதில்லை. தீவின் மேற்கு முனையில், பிரிட்டிஷ் கடற்படையின் பழைய கப்பல்தளம் இருந்த டாக்யார்டில்தான் நிற்கும். சில கப்பல்கள் ஒரே நாளில் கிளம்பிவிடும், சில இரண்டு மூன்று நாள் அங்கேயே கட்டிக் கிடக்கும்.

வரைபடத்தில் பார்த்தால் தீவு ஒரு தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும். டாக்யார்டு அந்த முள்ளின் நுனி. ஹாமில்டன் எதிரே தண்ணீருக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். படகில் போனால் 20 நிமிடம். பேருந்தில் போனால் அந்த வளைவு முழுவதையும் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம். வேகமாகவும் போக முடியாது, தீவு முழுக்க மணிக்கு 35 கிலோமீட்டர்தான் வேக வரம்பு.

"காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டால் போச்சு" என்பீர்கள். முடியாது. 1946 வரை தனியார் மோட்டார் கார்களையே அந்தத் தீவில் அனுமதிக்கவில்லை. அனுமதித்த பிறகும் ஒரு வீட்டுக்கு ஒரு கார்தான் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். சுற்றுலா வருகிறவருக்கு வழக்கமான வாடகைக் கார் கிடையாது. ஸ்கூட்டர் எடுக்கலாம், 2017லிருந்து இரண்டு பேர் உட்காரும் குட்டி மின்சார வண்டி எடுக்கலாம். இடப்பக்கம் ஓட்டிப் பழகாத அமெரிக்கர்களுக்கு அந்த வளைவுச் சாலைகளில் ஸ்கூட்டர் ஓட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. டாக்சிக்கு மீட்டர் எகிறும். ஆக, நாலாயிரம் பேரோடு வந்து நிற்கும் கப்பலிலிருந்து இறங்குகிற கூட்டத்தில் பெரும்பகுதி, சுமார் நாற்பது பேர் உட்காரக்கூடிய ஒரு பேருந்தைத் தேடித்தான் வருகிறது.

பேருந்துகள் இளஞ்சிவப்பு நிறம். தீவின் புகழ்பெற்ற கடற்கரை மணலும் அதே நிறம்தான். டாக்யார்டிலிருந்து 7, 8 என்று இரண்டு தடங்கள் ஹாமில்டனுக்குப் போகும். நிறுத்தத்தை அடையாளம் காட்ட ஒரு கம்பம். அதிலும் ஒரு அழகு உண்டு: கம்பம் இளஞ்சிவப்பாக இருந்தால் வண்டி ஹாமில்டனை நோக்கிப் போகிறது, நீலமாக இருந்தால் ஹாமில்டனை விட்டு வெளியே போகிறது. எழுத்தே படிக்கத் தெரியாவிட்டாலும் திசை தெரியும். யாரோ உட்கார்ந்து ஒழுங்காக யோசித்திருக்கிறார்கள்.

பணம் வாங்குவதைப் பற்றி யோசித்தவர் மட்டும் வேறு ஆள் போலிருக்கிறது.

2010களின் பிற்பகுதியில் இருந்த நடைமுறை இது. தீவு 14 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மூன்று மண்டலம் வரை 3.50 டாலர், அதற்கு மேல் எவ்வளவு தூரம் போனாலும் 5 டாலர். ரொக்கமாகக் கொடுப்பதென்றால் நாணயமாகக் கொடுக்க வேண்டும், அதுவும் சரியான தொகையாக. நோட்டு வாங்க மாட்டார்கள். மீதி தர மாட்டார்கள். அட்டை செல்லாது. அமெரிக்க நாணயமா பெர்முடா நாணயமா என்பதில் பிரச்சினை இல்லை, இரண்டும் ஒரே மதிப்பு. ஆனால் நாணயம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்கர்கள் கையில் சாதாரணமாகப் புழங்கும் பெரிய நாணயம் கால் டாலர். ஐந்து டாலருக்கு அது 20 வேண்டும். கணவன் மனைவி இருவர் ஹாமில்டன் போய்த் திரும்ப நான்கு கட்டணம், அதாவது 80 கால் டாலர்கள். ஒரு கால் டாலரின் எடை 5.67 கிராம். 80ஐப் பெருக்கினால் 453.6 கிராம். கிட்டத்தட்ட அரைக் கிலோ! நூறு வருஷத்துக்கு முந்தைய வியாபாரி மாதிரி இடுப்பில் பணப்பை முடிந்துகொண்டு போக வேண்டியதுதான். விஷயம் தெரிந்த பயணிகள் ஊரிலேயே வங்கிக்குப் போய்ச் சுருள் சுருளாக நாணயம் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு கப்பல் ஏறுவார்கள். தெரியாதவர்கள் படிக்கட்டில் நோட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அந்தப் படிக்கட்டில் இன்னொரு விஷயமும் உண்டு. பெர்முடாவில் யாரிடம் எதைக் கேட்பதென்றாலும் முதலில் "குட் மார்னிங்" சொல்ல வேண்டும். மதியம் என்றால் "குட் ஆஃப்டர்நூன்". இது வெறும் நாகரிகம் இல்லை, அங்கே அது கதவுத் தாழ்ப்பாள் மாதிரி. சொல்லாமல் நேராக "இந்த வண்டி ஹாமில்டன் போகுமா?" என்று கேட்டால் முகம் மாறிவிடும். வணக்கமும் சொல்லாமல், நாணயமும் இல்லாமல், இருபது டாலர் நோட்டை ஓட்டுநரின் மூக்குக்கு முன்னால் ஆட்டுகிற ஆளை நினைத்துப் பாருங்கள். பின்னால் முப்பது பேர் வெயிலில் வரிசை.

சரி, ஏன் இப்படி ஒரு பிடிவாதம்? ஓட்டுநர் கொஞ்சம் சில்லறை வைத்துக்கொண்டால் என்ன குறைந்துபோகிறார்?

இதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. நடத்துனர் இல்லாத வண்டியில் ஓட்டுநரே காசு வாங்க வேண்டும். ஒரு ஆளுக்கு மீதி எண்ணிக் கொடுக்க 15 வினாடி என்று வைத்துக்கொண்டாலும் நாற்பது பேருக்குப் பத்து நிமிடம். முதல் நிறுத்தத்திலேயே பத்து நிமிடத் தாமதம். அப்புறம் அட்டவணை எதற்கு? இன்னொன்று, கையில் ரொக்கம் வைத்திருக்கும் ஓட்டுநருக்கு ஆபத்து அதிகம். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க நகரங்களில் பேருந்து ஓட்டுநர்களைத் தாக்கிக் கொள்ளையடிப்பது பெருகியபோதுதான், 1968இல் வாஷிங்டனிலும் 1969இல் நியூயார்க்கிலும் "சரியான சில்லறை மட்டும்" என்ற விதி வந்தது. காசு பூட்டிய பெட்டிக்குள் விழும், ஓட்டுநரிடம் சாவி இருக்காது. அந்த விதி பிறகு உலகமெங்கும் பரவியது. ஆக, படிக்கட்டில் நிற்கும் பயணிக்கு எரிச்சலாகத் தெரிகிற விஷயம் ஓட்டுநருக்கு ஒரு கவசம். இதை இரண்டு பக்கமும் நின்று பார்க்காமல் திட்டுவது சரியில்லை.

ஆனால் நோட்டே வேண்டாம் என்பதும், மாற்று வழி எங்கே என்பதை இறங்குமிடத்தில் பெரிதாக எழுதி வைக்காததும் வேறு கதை. அதற்குக் கவசம் என்று பெயர் சொல்ல முடியாது.

மாற்று வழிகள் இருந்தன. டாக்யார்டில் இருந்த தகவல் மையத்திலும், ஹாமில்டன் பேருந்து நிலையத்திலும், படகுத் துறையிலும் டோக்கன், டிக்கெட், நாள் பாஸ் எல்லாம் விற்றார்கள். 5 டாலர் பயணத்துக்கான டோக்கன் 4.50 டாலர். பதினைந்து டிக்கெட் கொண்ட புத்தகமாக வாங்கினால் இன்னும் மலிவு. நாள் பாஸ் ஒரு நாளுக்கு 19 டாலர், இரண்டு நாளுக்கு 31.50, மூன்று நாளுக்கு 44. பாஸ் இருந்தால் பேருந்திலும் படகிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம்.

இங்கேதான் பி.காம் படித்த மூளை கொஞ்சம் விழித்துக்கொள்ளும். பத்தொன்பது டாலர் பாஸ் லாபமா நஷ்டமா? நாணயம் போட்டுப் போகிறவருக்கு நான்கு பயணம் 20 டாலர், எனவே நான்காவது பயணத்திலேயே பாஸ் லாபம். ஆனால் ஒப்பிட வேண்டியது நாணயத்தோடு அல்ல, டோக்கனோடு. பாஸ் விற்கிற அதே ஜன்னலில்தான் டோக்கனும் இருக்கிறது. நான்கு டோக்கன் 18 டாலர்தான். ஐந்தாவது பயணத்தில்தான் பாஸ் முந்துகிறது. கப்பலில் வந்தவர் வழக்கமாக என்ன செய்வார்? டாக்யார்டிலிருந்து ஹார்ஸ்ஷூ பே கடற்கரைக்கு ஒரு பேருந்து, குளித்துவிட்டு அங்கிருந்து ஹாமில்டனுக்கு ஒரு பேருந்து, கடைத்தெரு சுற்றிவிட்டு மாலையில் படகில் திரும்புதல். மூன்றே பயணம். ஒவ்வொன்றுக்கும் பெரிய டோக்கனே போட்டாலும் 13.50 டாலர். பாஸ் வாங்கியவர் 5.50 டாலரை வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்றுதான் கணக்குச் சொல்லும்.

ஆனாலும் பாஸ் வாங்கியவரை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. தெரியாத ஊரில் ஒவ்வொரு முறையும் "எத்தனை மண்டலம், எவ்வளவு காசு, சரியான நிறுத்தத்தில்தான் நிற்கிறோமா" என்ற படபடப்பு இல்லாமல் அட்டையைக் காட்டி ஏறுவதற்கு அந்த ஐந்தரை டாலர் விலை. தவறான வண்டியில் ஏறிவிட்டால் இறங்கி அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம். பயத்துக்கும் ஒரு விலை உண்டு, அது செலவுக் கணக்கில் தனியாக எழுதப்படுவதில்லை.

பயம் என்றது எதற்கு? கப்பல் காத்திருக்காது. இதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற விஷயம். கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போய்த் தாமதமானால் பொதுவாகக் காத்திருப்பார்கள். தானாகப் பேருந்து பிடித்துப் போனவர் தாமதமானால் ஏணியை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் விமானம் பிடிக்க வேண்டும், ஆயிரம் கிலோமீட்டர் கடலுக்கு நடுவிலிருந்து. தெற்குச் சாலையில், கடற்கரை மேட்டின் மேல், நீலக் கம்பத்தின் கீழே, ஈரத் துணியோடு இரண்டு பேர் நிற்கிறார்கள். கையில் இருப்பது இருபது டாலர் நோட்டு. பக்கத்தில் கடை இல்லை. வருகிற வண்டி நிரம்பி வருகிறது. அந்த நேரத்தில் ஐந்து டாலர் நாணயத்துக்கும் இருபது டாலர் நோட்டுக்கும் இடையில் எது பெரியது?

(விடை எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.)

இதே வண்டியை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிற ஒருவர் இருக்கிறார். அவர் பெர்முடாக்காரர். ஹாமில்டனில் வேலை முடித்துவிட்டு, மளிகைப் பையோடு சாமர்செட் பக்கம் வீட்டுக்குப் போகிறவர். அவர் கையில் மாதப் பாஸ் இருக்கிறது, சில்லறைப் பிரச்சினை எல்லாம் இல்லை. அவருக்குப் பிரச்சினை, வண்டியில் இடமே இல்லை என்பது. கப்பல் நிற்கும் நாட்களில் டாக்யார்டுக்குப் போகிற 7ஆம் தடமும் 8ஆம் தடமும் வெளியூர்க்காரர்களால் நிரம்பி வழியும். நிறுத்தத்தில் நிற்காமலே போய்விடும். 2017, 2018 வாக்கில் வண்டிகள் பழுதாகிப் போதாமல் நடைகள் ரத்தான காலத்தில் இந்தக் கஷ்டம் இன்னும் மோசமாக இருந்தது. டாக்யார்டிலிருந்து கடற்கரைக்குத் தனியார் சிற்றுந்துகள் ஓடுவது இந்த நெருக்கடியைக் கொஞ்சம் குறைக்கிறது.

யோசித்தால் இவருடைய நிலைமைதான் அதிகம் வருத்தமானது. கப்பல்காரர் ஒரு நாள் அவதிப்படுகிறார், ஊருக்குப் போய் அதைக் கதையாகச் சொல்கிறார். இவர் பருவம் முழுக்க வாரா வாரம் அவதிப்படுகிறார். பேருந்து இருக்கை என்பது ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் உட்கார முடியாத பொருள். சுற்றுலாப் பயணி கொடுக்கிற 5 டாலர், அவர் பிடித்துக்கொண்ட இடத்தின் முழு விலையா? நாற்பது இருக்கைக்கு எண்பது பேர் போட்டியிடும் மாலை நேரத்தில் அது நிச்சயமாக முழு விலை இல்லை. மீதியை அந்த மளிகைப் பைக்காரர் தன் நேரத்தில் கட்டுகிறார்.

இந்தக் கேள்விக்கு மால்டா வேறு விதமாகப் பதில் சொன்னது. மத்தியதரைக் கடலில் உள்ள அந்தத் தீவின் தலைநகர் வலெட்டாவிலும் கப்பல்கள் வந்து நிற்கும். 2011 ஜூலையில் பழைய மஞ்சள் பேருந்துகளை ஓரங்கட்டிவிட்டுப் புது நிறுவனத்திடம் சேவையை ஒப்படைத்தபோது, உள்ளூர் அடையாள அட்டை காட்டினால் ஒரு கட்டணம், வெளியாளுக்கு அதைவிட அதிகக் கட்டணம் என்று வைத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாட்டுக்காரரை இன்னொரு நாட்டுக்காரரிடமிருந்து பிரித்துப் பார்க்கலாமா என்று ஐரோப்பிய ஆணையம் கேள்வி கேட்டது. பிறகு 2022 அக்டோபர் 1 முதல் மால்டாவில் வசிப்பவர்கள் தங்கள் பெயரில் பதிந்த அட்டையைத் தட்டினால் பேருந்து இலவசம் என்று ஆக்கிவிட்டார்கள். கப்பலில் வந்தவர் காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும். வாங்கிய டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும், அதற்குள் வண்டி மாறிக்கொள்ளலாம். இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இலவசமாக்கியதால் வண்டியில் இடம் முளைத்துவிடாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பினாங்கில் இன்னொரு மாதிரி. ஜார்ஜ்டவுனில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து நடக்கிற தூரத்தில் பேருந்து நிற்கும் இடம். அங்கும் ஓட்டுநர் மீதி தருவதில்லை என்பதுதான் பழகிய விதி. ஆனால் பழைய நகரத்துக்குள் சுற்றிவர ஓர் இலவசப் பேருந்தும் விட்டார்கள். ஒரு நாள் வந்து போகிறவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும் என்பதால், காசு வாங்கும் சிக்கலே எழாது. சில சமயம் வசூலிக்கிற செலவைவிட வசூலிக்காமல் விடுவது மலிவு.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கும் இந்த அனுபவம் அண்மையில் கிடைக்க ஆரம்பித்தது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய சொகுசுக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைத் துறைகளைத் தொட்டது. அங்கே பேருந்தில் நடத்துனர் இருக்கிறார், நோட்டு வாங்குவார், மீதியும் தருவார். இரண்டு நாட்டிலும் பணத்தின் பெயர் ரூபாய்தான், பேசுகிற மொழிகூடத் தமிழ்தான். ஆனால் சென்னை ரூபாயை நீட்டினால் சிரிப்பார்கள். அந்தச் சமயத்தில் ஓர் இந்திய ரூபாய்க்கு ஏறத்தாழ நாலு இலங்கை ரூபாய். பெர்முடாவில் நேர் எதிர். பெயர் வேறு, படம் வேறு, மதிப்பு மட்டும் ஒன்று.

அந்த ஒரே மதிப்பு விஷயமும் சுவாரசியமானது. பெர்முடா டாலர் 1970இல் வந்தது. 1972லிருந்து அமெரிக்க டாலரோடு ஒன்றுக்கு ஒன்று என்று கட்டி வைத்திருக்கிறார்கள். தீவில் எந்தக் கடையிலும் அமெரிக்க டாலர் செல்லும். ஆனால் இது ஒருவழிப் பாதை. பெர்முடா டாலரை நியூயார்க்கில் கொண்டுபோய் நீட்டினால் வேடிக்கை பார்ப்பார்களே தவிர வாங்க மாட்டார்கள். எனவே கடையில் சில்லறை மாற்றுகிறவர்கள் "மீதியை அமெரிக்க டாலராகக் கொடுங்கள்" என்று கேட்டுக்கொள்வது நல்லது. கேட்க மறந்தவர்கள், வெண்வால் பறவை பொறித்த கால் டாலரையும் பன்றி பொறித்த ஒரு செண்டையும் நினைவுப் பொருளாக எடுத்துப் போகிறார்கள். இப்படி ஊருக்குப் போய்த் திரும்பி வராத ஒவ்வொரு காசும், ஒவ்வொரு டோக்கனும் தீவுக்கு வட்டியில்லாக் கடன் மாதிரி. டோக்கன் என்பது கணக்குப்படி முன்கூட்டியே பெற்ற வருமானம், சேவை கொடுக்கும்வரை அது பொறுப்புப் பக்கத்தில் இருக்க வேண்டும். அலமாரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்ட டோக்கனுக்கு யார், எப்போது சேவை கொடுக்கப்போகிறார்கள்?

பன்றி என்றதும் இன்னொன்று. 1609இல் ஓர் ஆங்கிலக் கப்பல் பெர்முடாப் பாறைகளில் மோதி, அதிலிருந்தவர்கள் கரையேறியபோது தீவில் காட்டுப் பன்றிகள் திரிந்தன. பிறகு குடியேற்றம் வந்தது. 1616 வாக்கில் அந்தக் குடியேற்றத்துக்கென்று தனி நாணயம் அடித்தார்கள். ஒரு பக்கம் பன்றி, மறுபக்கம் கப்பல். ஆங்கிலேயர் அமெரிக்கக் குடியேற்றங்களுக்காக அடித்த முதல் நாணயம் அதுதான். தீவுக்கு வெளியே அதற்கு மதிப்பு இல்லை. உழைத்தவர்களுக்கு அதைக் கொடுத்து, கம்பெனிக் கடையிலேயே செலவழிக்க வைத்தார்கள். இந்த இடத்தில் மட்டும் செல்லும், வேறெங்கும் செல்லாது என்கிற காசு அந்தத் தீவுக்குப் புதிதே இல்லை!

கப்பலிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் பயணிகளும் இல்லை. அதே கப்பலில் சமைப்பவர்கள், அறை சுத்தம் செய்பவர்கள், எந்திர அறையில் நிற்பவர்கள் என்று ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். பிலிப்பைன்ஸ்காரர்கள், இந்தோனேசியர்கள், கோவாக்காரர்கள், நடுநடுவே நம் பக்கத்துப் பையன்களும். அவர்களுக்குத் துறைமுகம் என்றால் கடற்கரை இல்லை, இரண்டு மூன்று மணி நேர இடைவேளை. அதற்குள் வீட்டுக்குப் போன் பேச வேண்டும், சோப்பு பேஸ்ட் வாங்க வேண்டும், முடிந்தால் கப்பல் தரை இல்லாத ஒரு தரையில் நடக்க வேண்டும். இப்படி ஒரு பையன் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடி வருவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கையில் சம்பளப் பணத்திலிருந்து எடுத்த ஐம்பது டாலர் நோட்டு.

"அண்ணே, சில்லறை ஏதும் வச்சிருக்கீங்களா?"

"எத்தனை வேணும்டா?"

"போக வர பத்து டாலர்ணே. நோட்டு வாங்க மாட்டேங்கிறாங்க."

"இந்தா, அஞ்சு டாலருக்கு இருக்கு. வரும்போது படகுத் துறையில டோக்கன் வாங்கிக்க. ஆறு மணிக்கு டியூட்டி, மறந்துறாத."

பயணிக்கு அந்த 5 டாலர் ஒரு காப்பிக் காசு. இந்தப் பையனுக்கு அது கணக்குப் பார்த்துச் செலவழிக்கிற காசு. பயணி தாமதமானால் விமானம் பிடிக்கலாம். இவன் தாமதமானால் வேலை போகலாம். சில்லறை இல்லாத ஒரு பெட்டி இவர்கள் இருவரையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறது. எல்லோருக்கும் ஒரே விதி என்பது எப்போதும் எல்லோருக்கும் ஒரே பாரமாக இருப்பதில்லை.

அண்மை ஆண்டுகளில் பெர்முடாவும் கைப்பேசிச் செயலி மூலம் கட்டணம் வாங்குவதற்கு மாறத் தொடங்கிவிட்டது. அரைக் கிலோ நாணயம் சுமக்கிற வேலை அதனால் குறையும். ஆனால் செயலியை இறக்க இணையம் வேண்டும், வெளிநாட்டில் கைப்பேசி இணையத்துக்கு ஆகிற செலவு பேருந்துக் கட்டணத்தைவிட அதிகமாக இருக்கலாம். வயதானவர்களுக்கு அந்தத் திரையும் ஒரு படிக்கட்டுதான். கப்பலை விட்டு இறங்குவதற்கு முன்பே, ஊரில் இருக்கும்போதே செயலியைப் போட்டுக் காசைக் கட்டி வைத்துவிடுகிறவர்களுக்குச் சிக்கல் இல்லை. முன்பு வங்கியில் நாணயச் சுருள் வாங்கி வைத்தார்களே, அதே ஆட்கள்தான் இவர்களும்.

போகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. பேருந்து மாற வேண்டியிருந்தால் ஓட்டுநரிடம் மாற்றுச் சீட்டு கேட்கும் வழக்கம் அங்கே உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். திரும்பி வரும்போது பேருந்தைவிடப் படகு மேல், 20 நிமிடம்தான், காற்றும் நன்றாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கும் விடுமுறை நாட்களுக்கும் அட்டவணை வேறு, அதைத் துறையிலேயே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். மறக்காமல், முதலில் "குட் மார்னிங்".